ஏழரைக்கு அணையும் விளக்கு

ஏழரைக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவேன்.
அதன் இரைச்சலில் பாதிப்பேர் காதில் விழமாட்டார்கள்.
பிறகு பேட்டரி, ரேடியோ, அதன் சிவப்புப் பொட்டு வெளிச்சம்,
பிறகு நோல்ஃபா பார்ரியாவின் இருமல்.
இருமிவிட்டுத்தான் தொடங்குவாள்.

"யார் யார் இருக்கிறீர்கள்?"

இருக்கிறேன் என்பார்கள் ஒவ்வொருவராய்.
கால்வாய்க்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்,
பனியாற்றின் காலடியிலிருந்து ஒரு குரல்,
பெயர் வைக்காத ஓடைக்கரையிலிருந்து இரண்டு.
பதினோரு வீடுகள்.
ஒரு வீட்டுப் புகை இன்னொரு வீட்டுக்குத் தெரியாது.

நானும் இருந்தேன். சொன்னதில்லை.
சால்மன் கூண்டுகளுக்குக் காவல், மிதக்கும் தகரக் குடில்,
மழையையே பார்க்காத வடக்கில் பிறந்தவன்.
கம்பெனி ஆள் கேட்கிறான் என்று தெரிந்தால்
பேச்சு சட்டென்று வானிலைக்குத் தாவிவிடும்
என்று நினைத்தேன்.

அப்படி என்னதான் பேசுவார்கள்?
ஈஸ்ட் தீர்ந்துவிட்டது, யாரிடமாவது உண்டா.
மூட்டுவலிக்குக் கடல்பாசி ஒத்தடமா, கடல்சிங்கக் கொழுப்பா.
தேய்பிறையில் கிடாக்குட்டிக்குக் காயடிக்கலாமா,
இதற்கு மட்டும் மூன்று ராத்திரி போனது.
ஒருநாள் ஹெர்மிந்தாவின் மகள்
புவெர்ட்டோ மோன்ட்டில் நர்ஸ் தேர்வு தேறினாள்.
மதிப்பெண்களைப் பாடம் பாடமாய்
வாசித்துக் காட்டினாள் தாய்.
காற்றுகூடக் குறுக்கே பேசவில்லை.

உர்சினோவுக்கும் ஃப்ரொய்லானுக்கும் வேலித் தகராறு.
நான்கு வருடமாய் முகம் பார்ப்பதில்லை.
ஆனால் அலைவரிசை ஒன்றுதானே இருக்கிறது.
"யாராவது அந்த ஆளிடம் சொல்லுங்கள்,
அவன் காளை என் முட்டைக்கோஸில் நிற்கிறது."
"யாராவது அந்த ஆளிடம் சொல்லுங்கள்,
காளைக்கு எல்லைக்கல் வாசிக்கத் தெரியாது."
அந்த யாராவது, நோல்ஃபா.
கேட்டதையே திருப்பிச் சொல்வாள்,
மீனுக்குச் செதிள் சுரண்டுவதுபோல
வசவை மட்டும் சுரண்டிப் போட்டுவிட்டு.

சிரிப்பேன். தனியாக, வாய்விட்டு.
சில ராத்திரி பொத்தானை அழுத்திவிடுவேன்.
தொண்டைவரை வரும்.
விரலை எடுத்துவிடுவேன்.

மே மாதம் மூன்று நாள் வடகாற்று.
நான்காம் நாள் ஃப்ரொய்லானின் குரல்
யாரையும் திட்டாமல் வந்தது.
கயிறு அறுந்து படகு போய்விட்டது. மஞ்சள் படகு.
அதில்லாமல் அவன் கரையோடு கட்டிப்போட்ட மாதிரி.

வெகுநேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு உர்சினோ:
"யாராவது அந்த ஆளிடம் சொல்லுங்கள்,
என் படகை எடுத்துக்கொள்ளலாம்.
துடுப்பு அவனுடையதாக இருக்கட்டும்."

நோல்ஃபா திருப்பிச் சொல்லவில்லை.
சுரண்ட ஒன்றுமில்லை அதில்.

என் குடிலின் அடியில்
காலையிலிருந்து டொக் டொக்கென்று
ஒரு மஞ்சள் படகு முட்டிக்கொண்டிருந்தது.

அழுத்தினேன்.
இரண்டு வருடம் பேசாத வாய்,
முதல் சொல்லே திக்கியது.
"படகு... இங்கே இருக்கிறது. கட்டிவைத்திருக்கிறேன்.
நான் வந்து... கூண்டுக் காவல்..."

"தெரியும், தெரியும்" என்றாள் ஹெர்மிந்தா.
"தினம் ஏழரைக்கு உன் விளக்கு அணைகிறதே,
என் ஜன்னலுக்கு நேரே."
"பொத்தானை அழுத்தி மூச்சு மட்டும் விடுவாயே" என்றது ஓடைக்கரை.

அப்படியானால் கம்பெனியைத் திட்டியதெல்லாம்?

"உன் காதில் விழட்டும் என்றுதான்" என்றான் ஃப்ரொய்லான்.
படகு கிடைத்தவனின் குரல், பழைய உப்போடு.

உர்சினோ கனைத்தான்.
"யாராவது அந்த ஆளிடம் சொல்லுங்கள்,
என் படகு இனி இரவல் கிடையாது."

நோல்ஃபா இருமினாள்.
"காவல்காரா, அதை விடு.
உன்னிடம் ஈஸ்ட் இருக்கிறதா?"

இருந்தது. இரண்டு டப்பா, கம்பெனி முத்திரையோடு.
எனக்கு ரொட்டி சுடத் தெரியாது என்றேன்.

அவ்வளவுதான்.
தண்ணீர் முதலா, மாவு முதலா என்று
பதினோரு வீடும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்த,
ஒரு சொல்லும் புரியாமல்
கரகரவென்று அலறியது பெட்டி.